மூன்றாவது சரணத்தில் ஒரு மூச்சு

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவதற்கு வியாழக்கிழமையே தெருமுனைக் கோயிலில் ரேடியோ செட் கட்டிவிட்டார்கள். மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் வரிசையைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்தது. காது பிய்ந்துவிடும் போலிருந்தது.

எனக்கு நேர் முன்னால் நின்றவள் கஸ்தூரி. உத்திரமேரூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பக்கத்துப் போர்ஷன்காரி. வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். மூன்று வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நான் தனியாள், தொண்டை சரியில்லாதவள் என்பது மட்டும்தான்.

ஸ்பீக்கரில் வந்தது எனக்குத் தெரிந்த பாட்டு. மாரியம்மன் மேல் வந்த ஒரு கேசட்டில் 'பி' பக்கத்து முதல் பாட்டு. ஒரு காலத்தில் டீக்கடை, சைக்கிள் கடை, மினி பஸ் என்று எங்கே போனாலும் துரத்திக்கொண்டு வரும். பாடியவர் பெரிய பாடகி. பெயர் வேண்டாம். ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் மேடம் என்போம். இந்தத் தொடரிலும் அவர் மேடம்தான்.

மூன்றாவது சரணம் வந்தது. 'வாசலுக்கு வந்தவளை வாவென்று சொல்லாயோ' என்று அதில் ஒரு வரி. 'வாவென்று' முடிந்ததும் சின்னதாக மூச்சு இழுக்கிற சத்தம். அப்புறம் 'சொல்லாயோ'.

கையிலிருந்த பையைக் கீழே விட்டுவிட்டேன்.

மேடம் அந்த இடத்தில் மூச்சு வாங்க மாட்டார். இரண்டு வரியைச் சேர்த்து ஒரே இழுப்பில் பாடுகிற நெஞ்சு அவருக்கு. வரி நடுவில் திருட்டுத்தனமாக மூச்சு வாங்குகிறவள் நான். அது என் மூச்சு. எத்தனையோ வருஷம் கழித்து, உத்திரமேரூர் ரேஷன் கடை வாசலில், என் மூச்சை நானே கேட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கஸ்தூரியின் தோளைத் தட்டினேன்.

"கஸ்தூரி, இது நான் பாடுனது."

"இன்னாக்கா? ஒண்ணும் கேக்கல."

"இந்தப் பாட்டு. இப்ப போச்சே அந்த வரி. நான் பாடிக்கீறேன்."

கஸ்தூரி என் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐய! உனுக்குத் தொண்டையில காத்துதான் வருது. இந்த அம்மா எம்மாம் பெரிய பாட்டுக்காரி! வெயில்ல நின்னுக்கினு இன்னாவோ பேசற, போ."

பின்னால் நின்ற ஒருத்தர் விடவில்லை. "யக்கா, நீ பாட்டு பாடுன சரி, நான்தான் மோளம் வாசிச்சேன்" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்புக்கும் இப்போது சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும்.

என் முறை வந்தபோது விரல் ரேகை மெஷினில் விழவில்லை. மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைத்தேன். "உங்களுக்கு விழலியேம்மா" என்றார் கடைக்காரர். கடைசியில் போனுக்கு நம்பர் வரவழைத்து அரிசி போட்டார். இந்த ஒரு நாளில் எதை வைத்தும் நான்தான் நான் என்று நிரூபிக்க முடியாது போல என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அழிப்பதற்கென்றே பாடுவது

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சாந்தகுமாரி. பெருநகரில் பிறந்தேன். எங்களுக்கென்று ஒரு காணி நிலம் கிடையாது. நைனா ஊரார் கழனியில் கூலி வேலை செய்தார். நான் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை பாடுவேன். அங்கிருந்து ஒரு கொயர் போட்டி, அங்கிருந்து ஒரு கிறிஸ்துமஸ் கேசட்டில் கோரஸ், அப்படியே சென்னை. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் பார்த்த வேலைக்குப் பெயர் டிராக் பாடுவது.

பெரிய பாடகிகள் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். நேரமிருக்காது. அதனால் என்னைப் போன்ற ஒருத்தியை முதலில் பாடவைத்து, அதைக் கேசட்டில் பதிந்து, கார் வைத்து அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்கள் கேட்டுப் பழகிக்கொண்டு வந்து பாடுவார்கள். அவர்கள் பாடப் பாட, என் குரல் இருந்த இடத்தில் அவர்கள் குரல் ஏறிவிடும். பாட்டு முடியும்போது நான் அதில் இருக்க மாட்டேன். வீட்டுக்குப் போன கேசட்டையும் கம்பெனி மறக்காமல் திருப்பி வாங்கிவிடும். பாட்டு வெளிவரும் முன்னால் வெளியே கசிந்துவிடக் கூடாதல்லவா. வாங்கி, அழித்து, அதிலேயே அடுத்த பாட்டைப் பதிவார்கள்.

முதல் தடவை என் குரலை அழித்தபோது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெக்கார்டிஸ்ட் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். வேணு சார் என்று பெயர். மெஷினில் எதையோ அழுத்திவிட்டு, "போச்சும்மா" என்றார். சும்மா தகவலாகத்தான் சொன்னார். கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். டீயில் சர்க்கரை அதிகம் என்பதுகூட நினைவிருக்கிறது.

அப்புறம் பழகிவிட்டது. 'போச்சா சார்?' என்று நானே கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

இந்துச் சாமிப் பாட்டெல்லாம் பாடுகிறாளே என்று எங்கள் சபையில் ஒருசிலர் முணுமுணுத்தார்கள். நான் போதகரிடமே போய்ச் சொன்னேன்: "ஐயா, நான் பாடுனது ஒண்ணுகூட இருக்காது. அழிச்சிட்டுதான் கொடுப்பாங்க." அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?' என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, அது ஒரு தொடருக்குத் தாங்காது. ஒரு நாள் போன் செய்யுங்கள், நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.

நைனா சொன்னது

டிராக் பாடுவதில் ஒரு விதி உண்டு. நம் சொந்தச் சரக்கைப் போடக் கூடாது. எந்தப் பாடகி பாடப் போகிறாரோ அவர் எப்படி நெளிப்பார், எங்கே இழுப்பார், எந்த எழுத்தை மென்று துப்புவார், அதையெல்லாம் அப்படியே செய்துகாட்ட வேண்டும். அப்போதுதான் அவருக்குக் கற்றுக்கொள்ளச் சுலபம். மியூசிக் டைரக்டருக்கும் பாட்டு முடிந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேடம் குரல் வேண்டுமா, இந்தா. இன்னொரு மேடம் குரல் வேண்டுமா, இந்தா. நாலு பேர் குரலில் பாடுவேன். ஒரு தடவை மேடத்தின் சொந்தத் தங்கையே ஸ்டூடியோ வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா அதுக்குள்ள வந்துட்டாங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை என்ன சொல்வது! ஒரு வாரம் அதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குப் பெருநகர் போயிருந்தேன். சர்ச்சில் பாடச் சொன்னார்கள், பாடினேன். ஜனங்கள் அசந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நைனா மட்டும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்லாதான் பாடற. ஆனா நீ வந்து நின்னு பாடுன மாரி இல்லியேம்மா. ரேடியோ பொட்டிய வெச்ச மாரி கீது."

அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அம்மாவிடம்கூடப் போய்ச் சொன்னேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

சில வருஷம் கழித்து ஒரு வாய்ப்பு வந்தது. புதிதாக வந்த இளம் மியூசிக் டைரக்டர். சின்னப் படம். "சாந்தா, இது டிராக் இல்ல. இந்தப் பாட்டு உனக்குத்தான். உன் குரல்தான் படத்துல வரப்போகுது" என்றார். நான் அன்று புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மைக்குக்கு முன்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். கட்டிக்கொண்டு போனேன்.

பல்லவி பாடினேன். நிறுத்தச் சொன்னார். "மேடம் மாதிரி இருக்கு. உன் குரல்ல பாடு."

மறுபடி பாடினேன். "இது இன்னொருத்தங்க மாதிரி இருக்கு. உன் குரல்."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கடைசியில் அவரே கதவைத் திறந்து உள்ளே வந்தார். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஊர்ல, சர்ச்ல எப்படிப் பாடுவ? அந்தப் பாட்டு எதையாவது ஒண்ணு பாடு" என்றார். சின்ன வயதில் பாடிய கீர்த்தனையை எடுத்தேன். வாயைத் திறந்தால் மேடம் வந்தார்.

எத்தனை தடவை தேடினாலும் என் குரல் அங்கே இல்லை. அரிசிப் பானையில் கையை விட்டு அடிவரைக்கும் துழாவினால் வெறும் பானை தட்டுப்படுமே, அப்படி. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். டீ குடித்துவிட்டு வேறொரு பெண்ணுக்குப் போன் போட்டார்கள். நான் புதுப் புடவையோடு பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாராவது எனக்குத் துரோகம் செய்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன். திட்டுவதற்கும் ஆளில்லை.

இசைத் தொழிலில் நீங்கள் கற்ற பாடங்களை எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாடமாம் பாடம். ரொம்ப நன்றாக வேலை செய்தேன் சார், அதுதான் நான் செய்த தப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் போட்ட வரி

அந்த மாரியம்மன் பாட்டுக்கு வருகிறேன். மேடம் அன்றைக்கு ஜலதோஷத்தோடு வந்து பாடிவிட்டு நேராக ஏர்போர்ட் போய்விட்டார். வெளிநாட்டில் கச்சேரி. அவர் போன பிறகு போட்டுக் கேட்டால், மூன்றாவது சரணத்தில் ஒரு வரி உடைந்திருந்தது. மறுநாள் காலையில் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும்.

வேணு சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல வேளையாக என் டிராக்கை அவர் இன்னும் முழுதாக அழித்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, மேடம் குரலுக்கு நடுவில் ஒட்டினார். எங்கே ஒட்டுப் போட்டார் என்று அவருக்கே அடுத்த நிமிஷம் தெரியவில்லை. அவ்வளவு கச்சிதம். மூச்சைத் தவிர.

"அந்த மூச்ச எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"எடுத்துடுங்க சார், மேடம் வாங்க மாட்டாங்க" என்றேன். அப்போதும் மேடத்தின் பக்கம்தான் பேசினேன். எடுத்தார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பாடிய பாட்டுகள் வெளிவந்தால், எங்கே காதில் விழுந்தாலும் நான் நின்று கேட்பதில்லை. காலி செய்துவிட்டு வந்த வாடகை வீட்டில் போய் எட்டிப் பார்ப்பதில்லையே, அது மாதிரி.

மேடத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார், சாப்பிட்டாயா என்பார். பெயர் மட்டும் நினைவிருக்காது.

அப்புறம் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. ஆபரேஷனில் குரல் நரம்பு அடிபட வாய்ப்பிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அடிபட்டது. சென்னையில் எனக்கு என்ன வேலை இனிமேல் என்று உத்திரமேரூர் வந்துவிட்டேன். பெருநகரில் தம்பி வீடு இருக்கிறது. அவன் கூப்பிடத்தான் செய்தான். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசுவார்கள். அதில் நான் வாயைத் திறப்பது யாருக்கும் தெரியாது. தனியாக இருந்தால் அந்தச் சங்கடமில்லை.

தனியாக இருப்பதில் வேறு சங்கடங்கள் உண்டு. தெருவில் போகிற தண்ணீர் கேன் வண்டியைக் கூப்பிட முடியாது, கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டுவேன். காஸ் புக் பண்ணப் போன் போட்டால், 'உங்கள் குரல் கேட்கவில்லை' என்று ஒரு பெண் சொல்லிவிட்டுத் துண்டித்துவிடுவாள். அவளும் எங்கோ ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிந்து கொடுத்த குரல்தான். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சாயங்காலம் ஆகிவிடும். அன்றைக்கெல்லாம் விளக்கைப் போடும்போது, பேசிப் பார்ப்போமே என்று 'சாந்தா' என்று என்னை நானே கூப்பிடுவேன். காற்று வரும்.

ராஜகுளத்தில் பக்கத்துப் பக்கத்தில்

ரேஷன் கடையில் சிரித்தார்களே, அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். என் பழைய குரலை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். யாரிடமும் காட்டுவதற்கல்ல என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பொய். கஸ்தூரிக்குக் காட்ட வேண்டும், பின்னால் நின்ற மேளக்காரருக்கும் காட்ட வேண்டும். அதற்கும் மேலே, எனக்குக் குரல் என்று ஒன்று இருந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேணு சார் ரிட்டையராகி, ராஜகுளத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார் என்று தெரியும். பஸ் ஏறினேன். கண்டக்டர் "எங்க?" என்றபோது செல்போனில் 'காஞ்சிபுரம்' என்று எழுதிக் காட்டினேன். அவர் என்னை ஊமை என்று நினைத்து, திருப்புலிவனம் தாண்டுவதற்குள் ஒருத்தரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் வேறு பஸ் மாறினேன்.

வேணு சார் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஆள் பாதியாகிவிட்டார்.

"வாம்மா சாந்தா. சத்தமா பேசு. எனக்கு இப்ப காது கேக்கறதில்ல."

"எனக்குச் சத்தம் வராது சார்" என்றேன்.

"ஆங்?"

"வராது சார்!"

"சத்தமா சொல்லும்மா!"

முப்பது நாற்பது வருஷம் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியதற்கு விலை, அவர் காது. அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். ஒரே சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசினோம். காபி கொண்டுவந்த அவர் மகள், "பக்கத்துல உட்கார்ந்துகிட்டு என்னப்பா மெசேஜ்?" என்று கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

'அந்த மூச்சை எடுத்தீங்களா சார்?' என்று எழுதினேன்.

வெகுநேரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, ஒற்றை விரலால் எழுதினார். 'எடுக்கல. பாடினது யார்னு எங்கேயாவது ஒரு இடத்துல இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.'

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இதை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

வந்த விஷயத்தை எழுதிக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அழிக்காமல் தப்பிய கேசட்டுகள் ஏழு. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் 'சாந்தா டிராக்'. கூடவே ஒரு பழைய டேப் ரெக்கார்டர். முதல் கேசட்டைப் போட்டேன்.

மேடம் பாடினார்.

கேசட் மாறிப்போயிருக்கும் என்று அடுத்ததைப் போட்டேன். மேடம். மூன்றாவதில் இன்னொரு பாடகி. நான்காவதில் மறுபடியும் மேடம். ஒவ்வொரு பாட்டாக ஓட்டி ஓட்டிக் கேட்டேன். அவ்வளவும் நான் பாடியது, அவ்வளவிலும் நான் இல்லை. வேணு சாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் சிரித்த முகத்தோடு ஆட்டிக்கொண்டிருந்தார்.

'இதுல நான் எங்க சார்?' என்று எழுதினேன்.

படித்துவிட்டு, சத்தமாகவே சொன்னார். "எல்லாமே நீதானம்மா!"

அதற்குமேல் அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பெட்டியையும் டேப் ரெக்கார்டரையும் என்னையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஏன் போனோம் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். மூன்று கேசட் கேட்கவே இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஏழாவது கேசட்

பெட்டி ஒரு வாரம் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம், சோறு தின்றுவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எடுத்தேன். ஐந்தாவதும் ஆறாவதும் நினைத்த மாதிரியேதான் இருந்தன. ஏழாவதைப் போட்டபோது கஸ்தூரி உள்ளே வந்தாள். முருங்கைக் கீரை கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாக்கா, அந்தப் பாட்டுக்கார அம்மா பாட்டா ஓடிக்கினு இருந்துச்சி உன் வூட்ல?"

அவள் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தாள்.

ஏழாவது கேசட்டில் பாட்டு உடனே வரவில்லை. உஸ் என்று ஒரு சத்தம். அன்றைக்கு ஏதோ அவசரம், வேணு சார் கேசட்டை முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அப்புறம் ஒரு பெண் பேசினாள்.

"சார்... வேணு சார், கேக்குதா? ஒரு நிமிஷம் சார். தொண்ட காஞ்சிப் போச்சி. தண்ணி குடிச்சிக்கினு வந்துட்றேன்."

"அப்புறம் குடிச்சுக்கலாம்மா. மேடம் வீட்டுக் கார் வாசல்ல நிக்குது. டேக் போயிடலாம்."

"இன்னா சார் நீங்க, அந்தக் காருக்குக்கூடத் தண்ணி ஊத்துறாங்க, எனுக்கு ஊத்த மாட்டீங்களா? சரி சரி, போலாம் போலாம்."

அப்புறம் ஒரு சிரிப்பு. சத்தமான, வெட்கமில்லாத, கழனியில் நடவு நடும்போது சிரிக்கிற சிரிப்பு. அது முடிகிறதற்குள் தம்புரா வந்து, மேடம் பாட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரிந்திருக்கும்.

கஸ்தூரி கீரையிலிருந்து நிமிர்ந்தாள். "யாருக்கா அது? நம்மூருப் பொம்பள மாரி பேசுது. நல்லா தமாசா பேசுதே!"

நான் பாட்டை நிறுத்தினேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் பார்க்காத மாதிரி இருந்துவந்த தழும்பு.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

போட்டேன். சிரிப்பு முடிந்து பாட்டு வந்ததும் அவளே கையை நீட்டி நிறுத்தினாள். பாட்டு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. "திருப்பு. இன்னொரு வாட்டி."

நாலைந்து தடவை கேட்டோம். ஒவ்வொரு தடவையும் கார் என்று வரும்போதே கஸ்தூரி சிரித்தாள். நானும் தோள் குலுங்கச் சிரித்தேன். கடைசித் தடவை அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கீரைக் காம்புகளைத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

"அப்பறம் தண்ணி குடுத்தானுங்களா இல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரே டேக்கில் பாட்டு முடிந்திருக்கும். கார் கிளம்பியிருக்கும். அடுத்த பாட்டுக்குப் பேப்பர் கொடுத்திருப்பார்கள்.

"இல்ல" என்றேன்.

"பாவிப் பசங்க" என்று எழுந்தாள். என் சமையல்கட்டுக்குள் போய், பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. சொம்பு நிறைய மொண்டுகொண்டு வந்தாள்.

"இந்தா. குடி."

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு மடக்மடக்கென்று குடிக்க வராது, புரைக்கேறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்க வேண்டும். ரொம்ப நேரம் ஆகும். சொம்பு காலியாகும்வரை கஸ்தூரி பக்கத்திலேயே நின்றாள்.